சன்னலும் மரமும்: ஓர் அணி நோக்கு

அணியிலக்கணத்தை மதிப்பெண்ணுக்காக மட்டுமே நாம் பயில்கின்றோமோ என்னும் ஐயம் நமக்கு எழுவதுண்டு. சாண்ட்ரா சிஸ்னெரோஸ் 1984இல் ஆங்கிலத்தில் படைத்த ‘மேங்கோ தெரு வீடு’ அவ்வையத்திற்கு விடை தருகிறது.

சிகாகோவில் மெக்சிகோ வழிக் குடும்பத்தில் வளரும் எஸ்பெரான்சா என்னும் சிறுமி, தன் வீட்டுச் சிறு சன்னல்கள் மூச்சடக்கி நிற்பதாகக் காண்கிறாள். சன்னலின் சிறுமை இயல்பு, மூச்சுமுட்டலோ அவளுடையது. இவ்வாறு பொருளின் இயல்பின்மேல் தன் குறிப்பை ஏற்றுதலையே தண்டியலங்காரம் தற்குறிப்பேற்றம் என்கிறது.

பின்னர், வீட்டின் முன் நகராட்சி நட்ட நான்கு மெலிந்த மரங்களைத் தன் இனமாகக் கொள்கிறாள். மண்ணை விடாது பற்றும் அவற்றின் வேரில் தன் உறுதியைக் காண்கிறாள்.

தெரு மாறவில்லை, அணி மாறிற்று. அம்மாற்றமே அவள் வளர்ச்சி. ஆதலின் அணி என்பது புனைவு மட்டுமன்று, உள்ளம் தன்னை அறியும் வழியுமாம் எனத் தெளிவோம்.