மழைக்குக் காரில் ஏறும் எறும்புகள்

கேள்வி: ஐயா, வீட்டுக்கு எதிரே காலி மனையில் வேப்பமரத்தடியில் காரை நிறுத்துகிறோம். ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து சீட்டிலும் டேஷ்போர்டிலும் சிற்றெறும்பு மொய்க்கிறது. பின்சீட்டில் உட்காரும் பிள்ளைகளைக் கடித்துவிடுகிறது. ஸ்ப்ரே அடித்தால் கொஞ்ச நாள் அடங்குகிறது, பிறகு பழையபடிதான். என்ன செய்யலாம்?
— ஒரு வாசகர், இலுப்பையூரணி

பதில்: முதலில் அந்த ஸ்ப்ரேயை நிறுத்துங்கள். மூடிய காருக்குள் அடிக்கும் மருந்து சீட்டுத் துணியில் தங்கும். அதன்மேல்தான் பிள்ளைகள் உட்காருகிறார்கள். எறும்பும் ஒழியாது. உங்கள் கண்ணில் படுபவை இரை தேடி வந்த வேலைக்கார எறும்புகள் மட்டுமே. ராணியும் முட்டைகளும் புற்றில் பத்திரமாக இருக்கும்.

நம் கரிசல் மண் கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கிறது. அந்த வெடிப்புகள் எறும்புகளுக்கு வசதியான இடம். மழை விழுந்ததும் மண் உப்பி, வெடிப்பு மூடிக்கொள்ளும். புற்றில் ஈரம் ஏறும். முட்டைகளைத் தூக்கிக்கொண்டு அவை மேடு தேடிக் கிளம்பும்போது, அங்கே நிற்கும் உங்கள் காரின் டயர் வழியாக ஏறிவிடுகின்றன.

மரத்தையும் கவனியுங்கள். கிளை காரைத் தொடுகிறதா? கண்ணாடியில் பிசுபிசுவென்று துளிகள் படிகின்றனவா? மாவுப்பூச்சி, அசுவினி போன்றவை விடும் இனிப்புக் கழிவு அது. எறும்பு அதற்காகவே வரும். கிளையைக் கழித்துவிடுங்கள். முடிந்தால் மழைக்காலம் தீரும்வரை காரைச் சிமென்ட் தரைக்கு மாற்றுங்கள்.

கோவில்பட்டிப் பக்கத்துக் காரில் கடலைமிட்டாய்த் தூள் இல்லாமல் இருக்காது. 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த மிட்டாயில் வெல்லமும் உண்டு, நிலக்கடலை எண்ணெயும் உண்டு. எறும்புக்கு இரண்டுமே வேண்டும். சீட்டின் மடிப்பு, மிதியடியின் அடி, ஸ்டெப்னி குழி எல்லாவற்றையும் வாக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள். வைப்பருக்குக் கீழே சேரும் சருகையும் அள்ளுங்கள். உள்ளே எறும்பு வரிசை போன தடத்தைச் சோப்புத் தண்ணீரில் துடைத்தால், அவை விட்டுச்சென்ற வாசனை அழியும். வெளியே தரையில் வரும் வரிசையை மட்டும் இப்போதைக்கு விட்டுவையுங்கள்.

மருந்து அங்கேதான் வைக்க வேண்டும். கேரம் போர்டில் தூவுவார்களே, அந்த போரிக் பவுடர் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும். 100 மில்லி வெந்நீரில் 10 கிராம் சர்க்கரை, 1 கிராம் பவுடர் போட்டுக் கரையுங்கள். பவுடரைக் கூட்டிவிடாதீர்கள், கூடினால் புற்றுக்குப் போய்ச் சேருமுன்பே எறும்பு செத்துவிடும். அது உயிரோடு போய் ராணிக்கு ஊட்டினால்தான் நமக்குப் பலன். பஞ்சில் நனைத்து, பாட்டில் மூடியில் வைத்து, டயருக்கு அருகே வையுங்கள். முதலில் கூட்டம் அதிகமாகும், கலைக்காதீர்கள். ஒன்றிரண்டு வாரம் பொறுங்கள், பஞ்சு காயக் காய மாற்றுங்கள். பிள்ளைகளுக்கும் நாய், கோழிக்கும் எட்டக்கூடாது.

காருக்குள்ளேயே வெள்ளையாக முட்டைகள் குவிந்திருந்தால், இரவில் ஒரு மூடியைச் சீட்டுக்கடியில் வைத்துக் காலையில் எடுத்துவிடுங்கள். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கச் சொல்வார்கள், வேண்டவே வேண்டாம், தீப்பிடிக்கும் பொருள். ஃபியூஸ் பாக்ஸுக்குள் எறும்பு போயிருந்தால் நீங்களாகத் தண்ணீரோ மருந்தோ விடாமல் கார் எலெக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்; பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, காற்றடித்துச் சுத்தம் செய்து கொடுப்பார்.