வேலூர்ச் சிப்பாய் செய்வோம்

கொலுப்படியில் ஆண்டுக்கு ஒரு புதுப் பொம்மையாவது ஏற வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். கொல்கத்தாவுக்கு வந்து இத்தனை ஆண்டுகளாகியும் அதை நான் விடவில்லை. ஆனால் பொம்மையை நானே செய்யப் போகிறேன் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அதற்குக் காரணம் என் பேத்தி.

பள்ளிக்கூடத்தில் அவளை பாரக்பூருக்கு அழைத்துப் போயிருந்தார்கள். 1857 மார்ச் 29 அன்று மங்கள் பாண்டே துப்பாக்கியைத் தூக்கிய ஊர். திரும்பி வந்தவள், "வெள்ளைக்காரனை எதிர்த்த முதல் சிப்பாய் நம்ம ஊர்க்காரன் பாட்டி" என்றாள். 'நம்ம ஊர்' என்று அவள் சொன்னது வங்காளத்தை. அதில் தவறில்லை, அவள் பிறந்த ஊர்தானே. இருந்தாலும் மனசு கேட்கவில்லை. 1806 ஜூலை 10 விடியற்காலை வேலூர்க் கோட்டையில் நம் சிப்பாய்கள் எழுந்த கதையைச் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அவங்க பார்க்க எப்படி இருப்பாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மீசை வைத்து, வேட்டி கட்டி, கையில் வாள் பிடித்த ஒரு சினிமா வீரன்தான் கண்முன் வந்தான்.

அந்தக் காலத்துத் தஞ்சாவூர் ஓவியர்கள் கம்பெனி அதிகாரிகளுக்காக வரைந்த படங்கள் சில லண்டன் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. புத்தகங்களிலும் அச்சாகியிருக்கின்றன. சிப்பாயும் அவன் மனைவியும் ஜோடியாக நிற்பார்கள். மேலே சிவப்புக் கோட்டு, மார்பில் குறுக்கே இரண்டு வெள்ளை வார்ப்பட்டை, தலையில் நீலத் தலைப்பாகை. இடுப்புக்குக் கீழே பார்த்தால் சிரிப்பு வரும். கால்சராய் கிடையாது, முழங்காலுக்கு மேலே நின்றுவிடும் வெள்ளைச் சல்லடம்! காலில் செருப்பு. பாதி லண்டன், பாதி தஞ்சாவூர். இவனைத்தான் நாம் செய்யப் போகிறோம்.

முதலில் அளவு. சேகரிப்பாளர்கள் 54 மில்லிமீட்டர் உயரத்தில் செய்வார்கள். என் கண்ணுக்கு அது ஆகாது. நான் எடுத்துக்கொண்டது 12 சென்டிமீட்டர். ஐந்தரை அடி ஆள் என்றால் 168 செ.மீ. ஆக, நிஜத்தில் 14 செ.மீ. இருப்பது பொம்மையில் 1 செ.மீ. இந்தக் கணக்கைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். கம்பெனிச் சிப்பாயின் துப்பாக்கி சுமார் 140 செ.மீ.; நமக்கு 10. அதன் முனையில் செருகும் ஈட்டி 43 செ.மீ.; நமக்கு 3. தலை உச்சியிலிருந்து தாடை வரை 1.6 செ.மீ. கால்கள் பிரியும் இடம் சரியாகப் பாதி உயரத்தில், அதாவது 6 செ.மீட்டரில் வரும். புதிதாகச் செய்கிறவர்கள் எல்லோரும் தலையைப் பெரிதாகவும் கையைச் சிறிதாகவும் செய்வார்கள், நானும்தான். உங்கள் உள்ளங்கையின் அடியைத் தாடையில் வைத்து விரல்களை நெற்றிக்கு நீட்டிப் பாருங்கள். கை முகத்தளவு இருக்கும்.

எலும்புக்கூடு கம்பியில். கட்டுக்கம்பியை இரட்டையாக முறுக்கி இரண்டு கால், முதுகு, இரண்டு கை என்று வளைத்துக்கொண்டு, பாதத்துக்குக் கீழே 3 செ.மீ. விட்டு மரக்கட்டையில் துளையிட்டுச் செருகுங்கள். ஆள் எப்படி நிற்கிறான் என்பதை இந்தக் கம்பியிலேயே முடிவு செய்துவிட வேண்டும். கம்பி விறைப்பாக நின்றால் மேலே எத்தனை அழகு செய்தாலும் பொம்மை விறைப்பாகத்தான் நிற்கும். ஒரு காலில் பாரம் போட்டு நிற்பவனுக்கு அந்தப் பக்கத்து இடுப்பு உயரும், தோள் தாழும்.

இனி மண். குமார்துலிக்குப் போய் துர்க்கை செய்கிறவர்களிடம் ஒரு கூடை மண் கேட்டு வாங்கி வந்தேன். பிசுபிசுப்பான எண்டேல் மாட்டி, மணல் கலந்த பேலே மாட்டி என்று இரண்டு வகை வைத்திருக்கிறார்கள். அதைக் கம்பிமேல் பூசி அழகாகவே செய்து முடித்தேன். மூன்றாம் நாள் பார்த்தால் முழங்கால், முழங்கை, கழுத்து மூன்றிலும் விரிசல். மறுபடி குமார்துலி போனபோது ஒரு பெரியவர் சிரித்தார். மண் காயும்போது சுருங்கும், கம்பி சுருங்காது, அதனால் வெடிக்கும். அவர்கள் வைக்கோலைக் கட்டி அதன்மேல் பூசுகிறார்கள். வைக்கோல் மண்ணோடு சேர்ந்து கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். அப்படியும் வெடித்தால், மண் குழம்பில் நனைத்த துணித்துண்டை ஒட்டி மூடுகிறார்கள். பன்னிரண்டு சென்டிமீட்டர் ஆளுக்கு வைக்கோல் எப்படிக் கட்டுவது? ஆகவே மண்ணை ஒத்திகைக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். முகம், தலைப்பாகை, துணி மடிப்பு எல்லாவற்றையும் மண்ணில் பத்துத் தடவை செய்து அழிக்கலாம், காசு செலவில்லை.

அசல் பொம்மைக்கு ஹார்டுவேர் கடையில் குழாய் ஒழுகலுக்கு விற்கிற எம்-சீல் போதும். இரண்டு துண்டையும் சம அளவில் எடுத்து, கோடு தெரியாமல் ஒரே நிறம் ஆகும்வரை பிசைய வேண்டும். சரியாகக் கலக்காத இடம் கடைசிவரை இறுகாது. இறுகாத மாவு தோலுக்கு ஆகாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பிசைவதைக் குழந்தைகளிடம் விடாதீர்கள். பிசைந்த உடனே ஒட்டும், பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து அப்பள மாவு பதத்துக்கு வரும். அதுதான் நமக்கு வேண்டிய நேரம். கருவியைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு வேலை செய்தால் ஒட்டாது. கருவி என்றால் பல்குத்தும் குச்சியும் பழைய ஊசியும்தான்.

ஒரே நாளில் முடிக்க ஆசைப்படாதீர்கள். முதல் நாள் கம்பியை மூடும் அளவுக்கு மெல்லிய உடம்பு. இரவு முழுதும் இறுகட்டும். மறுநாள் தொடை, மார்பு, தோள். உடுப்புக்கு உள்ளே உடம்பு சரியாக இருந்தால்தான் உடுப்பு சரியாக உட்காரும். மூன்றாம் நாள், பிளாஸ்டிக் தாளில் முகப்பவுடர் தூவி மாவை அப்பளம்போல் மெலிதாகத் தேய்த்து, கோட்டும் சல்லடமும் வெட்டிப் போர்த்துங்கள். மடிப்பு கண்ட இடத்தில் விழாது. அக்குள், முழங்கை, கச்சை கட்டிய இடுப்பு என்று துணி இழுபடும் இடத்திலிருந்துதான் கிளம்பும். தலையைத் தனியாக ஒரு குச்சியில் செய்து பிறகு பொருத்துவது சுலபம். துப்பாக்கிக்குத் தென்னை ஈர்க்கும் கம்பியும். தேய்ப்புத்தாள் போடும்போது ஈரத்தோடு தேய்த்தால் தூசி மூக்கில் ஏறாது.

இப்போது தலைக்கு மேலே இருப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் மாட்டிக்கொண்டது அங்கேதான்.

வேலூர்க் கலகத்துக்குப் புதுத் தலைப்பாகை ஒரு காரணம் என்று படித்திருந்தேன் அல்லவா? ஆகவே பார்ப்பதற்குத் தொப்பி போலிருக்கும் அதையே செய்து, தோல் குஞ்சமும் வைத்து, சிப்பாய் தலையில் மாட்டிவிட்டேன். கொலுவுக்கு வந்த குடியாத்தத்துப் பெரியவர் ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பார்த்தார். "ஏம்மா, எதைப் போட மாட்டேன்னு அவன் நின்னானோ, அதையே நீங்க போட்டு விட்டுட்டீங்களே!" என்றார். சுண்டல் கிண்ணத்தோடு அப்படியே நின்றேன்.

அவர் சொன்னது சரி. கலகத்துக்கு முன்னால் வந்த உத்தரவுகள் இவை: புதுத் தலைப்பாகை அணிய வேண்டும், அணிவகுப்பில் நெற்றியில் சமயக்குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது. குஞ்சத்தின் தோல் பசுவினுடையதா, பன்றியினுடையதா என்ற சந்தேகம் இரு மதத்தாரையும் உறுத்தியது. மே மாதம் வேலூரில் மறுத்தவர்களைச் சென்னைக்குக் கொண்டுபோய் விசாரித்தார்கள். ஓர் இந்து, ஒரு முஸ்லிம் என இருவருக்குக் கசையடி கொடுத்துப் பட்டாளத்திலிருந்து நீக்கினார்கள். இன்னும் 19 பேர் மன்னிப்புக் கேட்டுத் தப்பினார்கள். ஜூலையில் கோட்டை எழுந்தது. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றைக்கே அடக்கிவிட்டார். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் மாண்டார்கள். அப்போது சென்னை கவர்னர் வில்லியம் பெண்டிங்க். 1807-ல் அவரைத் திருப்பி அழைத்துக்கொண்ட கம்பெனி, 1828-ல் கவர்னர் ஜெனரலாக இதே கல்கத்தாவுக்கு அனுப்பியது. விக்டோரியா நினைவு மண்டபத் தோட்டத்தில் மாலை நடை போகிறவர்கள் அவர் சிலையைத் தினமும் தாண்டிப் போகிறீர்கள்.

மறு ஆண்டு புதிதாகத் தொடங்கினேன். ஒருவன் போதாது, இரண்டு பேர் வேண்டும் என்று பேத்தி சொன்னாள். கசையடி வாங்கியவர்கள் இருவர் அல்லவா? இருவருக்கும் பழைய நீலத் தலைப்பாகை. புதியது தலையில் இல்லை, ஆளுக்கொன்று இடக்கையில், தொடையோடு ஒட்டித் தொங்குகிறது. அப்படி நிற்க வைத்தது என் கற்பனை.

ஒருவனுக்குத் தாடி. மாவு பாதி இறுகியபோது ஊசியால் கீறினால் மயிர் மாதிரி வரும். மற்றவனுக்குக் கடுக்கன். நிஜத்தில் 2 செ.மீ. என்றால் நமக்கு ஒன்றரை மில்லிமீட்டர்! பழைய மின்கம்பியின் உள்ளே இருக்கும் மெல்லிய செம்பு இழையை ஊசியில் சுற்றி நறுக்கினேன். பதினேழு வளையம் தரையில் விழுந்து தொலைந்தது. பதினெட்டாவது காதில் ஏறியது. அந்த வளையத்துக்கு ஆன நேரத்தில் ஒரு காலே செய்திருக்கலாம். ஆனால் அதை விட்டுவிட்டால் அவன் உத்தரவுக்குப் பணிந்தவன் ஆகிவிடுவானே.

வண்ணம் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கோட்டுக்குப் பளபளக்கும் சிவப்பு வேண்டாம், வெயிலில் வெளுத்த செங்கல் நிறம் போதும். காலர் நிறம் படைப்பிரிவுக்குப் படைப்பிரிவு மாறும். நெற்றி விபூதியைப் பேத்தியே இட்டாள். தலைப்பாகைக்குக் கீழே தெரிகிற நெற்றி மூன்று மில்லிமீட்டர்தான். மூன்று கோட்டுக்கு இடமில்லை என்று இரண்டோடு நிறுத்தப் பார்த்தேன். அவள் விடவில்லை. ஊசிமுனையில் வெள்ளையைத் தொட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு மூன்றாவதையும் இழுத்துவிட்டாள். கொஞ்சம் கோணல்தான். அழிக்காமல் விட்டுவிட்டேன்.

செய்து பார்க்க விரும்புகிறவர்கள் ஆடி மாதத்திலேயே தொடங்குங்கள். கொல்கத்தா மழைக்காலத்தில் வண்ணம் காய்வதற்கே ஒரு வாரம் பிடிக்கிறது.