பச்சைமலைத் தேனைச் செல்பேசியில் விற்க வரும் இளைஞருக்கு

பச்சைமலையின் விளைபொருள்களைச் சமூக ஊடகம் வழியே விற்கத் தொடங்கியிருக்கும் இளம் வணிகருக்கு,

மக்கள் பொழுதுபோக்க வந்து கூடும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப், வாட்ஸ்அப் போன்ற தளங்களில் பொருளைக் காட்டி, கேட்பவருக்கு அங்கேயே பதில் சொல்லி, அங்கேயே ஆர்டரும் எடுத்துக்கொள்வதே சமூக ஊடக வணிகம். கடை வாடகையும் இடைத்தரகும் இல்லாத இந்த வழி, திருச்சி காந்தி மார்க்கெட்டில் ஒரு மூட்டை இறக்கக்கூட முதல் இல்லாதவருக்கும் திறந்திருப்பதால், படித்துவிட்டு ஊர் திரும்பும் இளைஞர்கள் இதை நாடுவது இயல்பு. ஆனால் துறையூர், உப்பிலியபுரம் பக்கம் தொடங்கிப் பெரம்பலூர், சேலம் மாவட்டங்கள் வரை பரந்து கிடக்கும் இம்மலையின் பொருளை விற்பவர், எத்தனை பேரை எட்டலாம் என்று கணக்குப் போடும் முன், மலை எவ்வளவு தரும் என்று கணக்குப் போட்டாக வேண்டும்.

இத்துறைக்கு வருவோர் பலருக்கும் முன்மாதிரியாக நிற்பது பக்கத்து மாவட்டத்து வெற்றி. புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் பெரியதம்பி என்னும் சமையற்கலைஞரும் அவருடைய பேரன்மாரும் 2018இல் தொடங்கிய ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’, 2021 ஜனவரியில் ராகுல் காந்தி அக்குழுவினரோடு அமர்ந்து காளான் பிரியாணி உண்ட காணொளியால் நாடெங்கும் பேசப்பட்டு, அதே ஆண்டில் ஒரு கோடி சந்தாதாரர்களைப் பெற்ற முதல் தமிழ் யூடியூப் சேனலாக உயர்ந்தது. முதலமைச்சரின் நிவாரண நிதிக்கு 10 லட்சம் ரூபாயும் அக்குழு வழங்கியது. இந்த வெற்றியைப் பார்த்து அதே பாணியில் தேன் விற்கப் புறப்படுவோர் ஒரு வேறுபாட்டைக் கவனிக்கத் தவறுகின்றனர். அங்கே காணொளிதான் சரக்கு. பார்ப்பவர் பெருகப் பெருக விளம்பர வருவாய் பெருகும், எத்தனை பேர் பார்த்தாலும் சரக்கு தீராது. தேனுக்கும் சாமைக்கும் அந்த வசதி கிடையாது. ரீல்ஸ் எனப்படும் குறுங்காணொளி ஒன்று எதிர்பாராமல் பரவி ஆயிரக்கணக்கானோர் விலை கேட்கும் வேளையில் கையில் இருப்பது அறுபது பாட்டில் என்றால், வந்தவரைத் திருப்பி அனுப்ப மனமில்லாத வணிகர், எங்கிருந்தோ வந்த டின் தேனை வாங்கி மலைத்தேன் என்று லேபிள் ஒட்டத் துணிகிறார். கலப்படம் பேராசையில் பிறப்பது என்று பொதுவாகச் சொல்வார்கள். இந்தத் தொழிலில் அது பெரும்பாலும் அளவுக்கு மீறிய ரீச்சில் பிறக்கிறது. ஒரு பதிவு எத்தனை பேரின் திரையில் தோன்றியது என்பதற்குத் தளங்கள் தரும் கணக்கே ரீச் எனப்படுவது.

மலையின் எல்லாப் பொருளுக்கும் இந்த வழி பொருந்தாது. அங்கே பெருமளவில் பயிராகும் மரவள்ளிக் கிழங்கு ஆத்தூர், சேலம் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. அந்த வணிகத்துக்கு 1981இல் தோன்றிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் போன்ற தனி ஏற்பாடுகள் உண்டு. கிழங்கு லாரியை ரீல்ஸ் எடுத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. தேன், தினை, சாமை, புளி, பலா என்று சிறு அளவில், பருவத்தை ஒட்டிக் கிடைப்பவையே நேரடி விற்பனைக்கு ஏற்றவை.

சிறு அளவுச் சரக்குக்குச் சிறு வட்டமே போதும் என்பதால், ரீல்ஸை அழைப்பு மணியாக மட்டும் வைத்துக்கொண்டு, விற்பனையை வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலுக்கு நகர்த்துவது நல்லது. ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனிச் செய்தியாக அனுப்பும் வசதி இது. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். அனுப்புபவரின் எண்ணைத் தம் செல்பேசியில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். குறைபோலத் தோன்றும் இந்த நிபந்தனை உண்மையில் ஒரு சல்லடை. ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியிலோ சித்திரை வீதியிலோ குடியிருக்கும் ஒருவர் ‘பச்சைமலை தேன்’ என்று எண்ணைப் பதிந்து வைக்கிறார் என்றால், அவர் அடுத்த பருவத்திலும் வாங்குவார். சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வரும் மகளுக்கும் ஒரு பாட்டில் எடுத்து வைப்பார். அத்தகைய 256 வீடுகள் முகம் தெரியாத ஒரு லட்சம் ஃபாலோயர்களைவிட வலிய முதல். பணம் கட்டிப் பதிவைப் பரப்பும் ‘பூஸ்ட்’ வசதியை எப்போதேனும் பயன்படுத்தினாலும், ஊரையும் அதைச் சுற்றிய தொலைவையும் குறிப்பிட அதில் இடமிருப்பதால், திருச்சி, ஸ்ரீரங்கம், துறையூர் அளவில் நிறுத்திக்கொள்ளலாம்.

தளம் எப்போது கைவிடும் என்று சொல்ல முடியாது என்பதால், பட்டியலிலுள்ள வாடிக்கையாளர்களின் எண்களை ஒரு நோட்டிலும் எழுதி வைக்க வேண்டும். 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடைசெய்தபோது, அங்கே மட்டும் கூட்டம் சேர்த்திருந்தவர்கள் ஒரே இரவில் வெறுங்கையராயினர். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் மணிக்கணக்கில் முடங்கின.

இனித் தேனைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் இணையத்தில் தேன் அளவுக்குப் பொய் சுமக்கும் பண்டம் குறைவு. தண்ணீரில் விட்டால் கரையாது, தீக்குச்சியை நனைத்தாலும் எரியும், எறும்பு மொய்க்காது என்று காட்டும் காணொளிகள் எதையும் மெய்ப்பிப்பதில்லை. சர்க்கரைப் பாகும் அச்சோதனைகளில் தேறிவிடக்கூடும். நல்ல தேனும் குளிரில் உறையும். அதிலுள்ள குளுக்கோஸ் படிகமாவதே காரணம். உறைந்த பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் வைத்து இளக்கிக் காட்டும் அரை நிமிடக் காணொளி, பத்து எறும்புக் காணொளிகளைவிட வாடிக்கையாளரின் ஐயத்தைத் தீர்க்கும். காட்டுத் தேனில் ஈரம் மிகுந்தால் நுரைத்துப் புளிக்கும். ஈரப்பதம் 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. எடுத்த மாதம், நிகர எடை, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எஃப்எஸ்எஸ்ஏஐ) எண், ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தரக்கூடாது என்ற எச்சரிக்கை ஆகிய நான்கும் லேபிளில் தெளிவாக இருந்தால், அந்த லேபிளின் படமே நல்ல விளம்பரம். நீரிழிவைக் குணமாக்கும் என்று மட்டும் எழுதிவிடக் கூடாது. அந்நோயைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் தொடர்பான 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கப்படலாம். அதில் முகம் காட்டிப் பரிந்துரைத்தவருக்கும் அது விதிக்கப்படலாம். எனவே உள்ளூர் யூடியூபர் எவருக்கேனும் பணமோ இலவசப் பாட்டிலோ கொடுத்துப் பேச வைத்தால், அது விளம்பரம் என்பதைக் காணொளியிலேயே சொல்லச் செய்ய வேண்டும்.

பணம் அனுப்பியதாக வரும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பார்சல் கட்டாமல், வங்கிக் கணக்கில் வரவு விழுந்ததைப் பார்த்த பிறகே கூரியருக்குப் போக வேண்டும் என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

மலையில் வாழ்வோர் பெரும்பாலும் மலையாளி எனப்படும், தமிழ் பேசும் பட்டியல் பழங்குடியினர். அவர்களை ‘வெளியுலகம் அறியாத மக்கள்’ என்று பின்னணி இசையோடு காட்டுவது பொய். அடிவாரத்துச் சோபனபுரத்திலிருந்து மலைமேலுள்ள டாப் செங்காட்டுப்பட்டிக்குச் சாலை ஏறுகிறது, அங்குள்ள இளைஞரும் அதே ரீல்ஸைத்தான் பார்க்கிறார்கள். கேட்டு, இசைவு பெற்ற பிறகே படம் எடுக்க வேண்டும். குழந்தைகளை விற்பனைக் காணொளியில் காட்டவே கூடாது. தேன்கூடு இருக்கும் இடத்தை அடையாளம் காட்டினால், அடுத்த வாரம் வேறு யாரோ அதை எடுத்துப் போயிருப்பார்கள். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தேன் முதலிய சிறு வனப்பொருள்களைச் சேகரிக்கவும் விற்கவும் இம்மக்களுக்கு உரிமை அளித்திருக்கிறது. ஆகவே சேகரிப்பவரை வணிகர் கூலியாளாக நடத்தாமல் உடைமையாளராக நடத்தி, பாட்டிலின் விலையில் அவருக்குப் போவது எவ்வளவு என்பதை விலைப் பட்டியலிலேயே அச்சிடுவது முறை.

முதல் ரீல்ஸை ஏற்றும் முன்பே இப்பருவத்தில் எத்தனை கிலோ கிடைக்கும் என்று சேகரிப்பவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு, அந்த அளவு விற்றுத் தீர்ந்த நாளில், ரீச் உச்சத்தில் இருந்தாலும் சரி, ‘தேன் தீர்ந்தது, அடுத்த பருவத்தில் தெரிவிக்கிறோம்’ என்று ஸ்டேட்டஸ் போட்டு ஆர்டரை நிறுத்திவிடுமாறு இளம் வணிகரை இக்கடிதம் கேட்டுக்கொள்கிறது.