பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கட்டில்

நம்பிக்கை: எடை குறைந்த குழந்தையை முதலில் இன்குபேட்டர் பெட்டியில் வைத்துத் தேற்ற வேண்டும், தாய் பிறகு வரலாம்.

உண்மை: பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பெரும்பாலானவை இந்த எண்ணத்தோடு கட்டப்பட்டவைதான். உள்ளே குழந்தையைக் கதகதப்பாக வைக்கும் வார்மர்களுக்கு இடம் இருக்கும். பெற்றவள் வேறொரு வார்டில் படுத்திருப்பாள். ஆனால் இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2021-இல் வெளியானது. 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட குழந்தைகளைப் பிறந்த உடனேயே தாயின் நெஞ்சோடு அணைத்து வைத்ததில், 28 நாட்களுக்குள் இறந்தவை 12 சதவீதம். உடல்நிலை சீரானபின் அணைப்பைத் தொடங்கிய குழுவில் அது 15.7. பலன் தெளிவாகத் தெரிந்துவிட்டதால் ஆய்வையே முன்னதாக நிறுத்திவிட்டார்கள்.

ஆய்வு நடந்த இடங்களில் ஒன்று டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை. இதற்காக அங்கே தாயும் பிள்ளையும் ஒன்றாக இருக்கும் பிரிவு உருவானது. வார்மர் பக்கத்தில் ஒரு கட்டில், கழிவறை, அவளுக்கு வேளைக்குச் சாப்பாடு. சிசேரியன் தையலைப் பார்க்க மகப்பேறு நர்ஸ் உள்ளே வந்து போக வேண்டும். செலவு பெரிதில்லை, இரண்டு துறைகளை ஒரே அறையில் வேலை செய்ய வைப்பதுதான் பெரும்பாடு என்று எனக்குத் தோன்றுகிறது.

நம்பிக்கை: குமிழி சீபாப் (மூச்சுத் திணறும் குழந்தைக்கு மூக்கு வழியே தொடர்ந்து அழுத்தக் காற்று தரும் முறை) என்பது ஏழை ஊர்களுக்கான ஒப்பேற்றல்.

உண்மை: நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவமனை 1970-களிலிருந்து இதைப் பயன்படுத்தி வருகிறது. குழந்தையின் மூக்கிலிருந்து திரும்பும் குழாயின் நுனியைத் தண்ணீரில் 5 செ.மீ. அமிழ்த்தினால், நுரையீரலுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 5 செ.மீ. நீரழுத்தம். அவ்வளவுதான் சூத்திரம். மிச்சம் பிடிக்கக் கூடாத பொருள் ஒன்று உண்டு: ஆக்சிஜனைக் காற்றோடு கலந்து தரும் பிளெண்டர்.

நம்பிக்கை: மூச்சுத் திணறும் குழந்தைக்கு ஆக்சிஜன் எவ்வளவு கொடுத்தாலும் நல்லதே.

உண்மை: 1940-களிலும் 50-களின் தொடக்கத்திலும் குறைமாதக் குழந்தைகள் கண்ணிழந்தது அதிகமும் வசதியான மருத்துவமனைகளில்தான். இன்குபேட்டருக்குள் தாராளமாகத் திறந்துவிட்ட ஆக்சிஜன் விழித்திரையைக் கெடுத்தது. பிளெண்டரும் பல்ஸ் ஆக்சிமீட்டரும் இல்லாத பிரிவில் இன்றும் அதே ஆபத்து இருக்கிறது. பட்ஜெட்டில் முதலில் அடிபடுவது இந்த இரண்டும்தான் என்றால், அந்தச் சிக்கனம் யாருக்கு?

நம்பிக்கை: ஆளுக்கொரு தனி அறை இருந்தால் அதுவே சிறந்த பிரிவு.

உண்மை: தொற்றுக்கும் தூக்கத்திற்கும் தனி அறை உதவலாம். ஆனால் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் செய்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில், தனி அறையில் இருந்த குழந்தைகள் 2 வயதில் மொழித்திறனில் பின்தங்கியிருந்தார்கள். பேச்சுக் குரலே அதிகம் கேட்காத அமைதி காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.