குழந்தையின் முகத்தில் சிவப்பு அடையாளம்

முகத்தில் சிவந்த அடையாளத்தோடு ஒரு குழந்தை பிறந்தால், நமது ஊர்களில் முதல் கேள்வி தாயிடமே கேட்கப்படுகிறது. "கிரகண நேரம் வெளியே போனாயா? எதைத் தொட்டாய்?" என்பார்கள். அக்கேள்வியை விட்டு, குழந்தைக்கு உதவும் கேள்விகளை இப்பாடத்தில் கேட்போம்.

எல்லா அடையாளமும் நோயல்ல

இமைகளிலும் நெற்றி நடுவிலும் தெரியும் இளஞ்சிவப்பு நிறம் பெரும்பாலும் ஓரிரு வருடங்களில் மங்கிவிடும். பிறந்து சில கிழமைகளுக்குள் தோன்றிப் புடைத்து வளரும் சிவப்புக் கட்டியும் பொதுவாகப் பின்னர் சுருங்கும். அது கண்ணை மறைத்தால் தாமதியாமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

மூன்றாவது வகை வேறு. அது பிறக்கும்போதே இருக்கும். தட்டையாக, திராட்சை இரசத்தின் நிறத்தில் இருக்கும். மங்காமல் பிள்ளையோடு சேர்ந்து வளரும். 1000 குழந்தைகளில் ஏறக்குறைய 3 பேருக்கு இது உண்டு. பெரும்பாலானோருக்கு இது தோலோடு நின்றுவிடும். ஆனால் நெற்றியிலும் மேல் இமையிலும் இருந்தால், சிலருக்கு அதே பக்கத்துக் கண்ணிலும் மூளையை மூடியுள்ள சவ்விலும் இரத்தக் குழாய்கள் பிழையாக அமைந்திருக்கும். 1879 இல் இதனை விபரித்த ஸ்டேர்ஜ், 1922 இல் எக்ஸ்ரே மூலம் மூளை மாற்றங்களைக் காட்டிய வெபர் ஆகிய வைத்தியர்களின் பெயரால், இது ஸ்டேர்ஜ்-வெபர் நோய் எனப்படுகிறது.

யாருடைய குற்றம்?

எவருடையதும் அல்ல. ஒரு செடியில் ஒரு கிளை மட்டும் வெள்ளை படிந்த இலைகளை விடுவதை நாம் கண்டிருக்கிறோம். விதையில் பிழையில்லை, முளைத்த பின் அந்தக் கிளையில் மாற்றம் நேர்ந்தது. இதுவும் அப்படியே. கருவில் குழந்தை உருவாகும்போது சில கலங்களில் மட்டும் ஒரு மரபணு மாறிவிடுகிறது. 2013 இல் ஆய்வாளர்கள் அந்த மரபணுவைக் கண்டறிந்தனர். இது பரம்பரை நோயல்ல, தொற்றவும் மாட்டாது. கிரகணத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

நாம் கவனிக்க வேண்டியவை

1. வலிப்பு. பெரும்பாலும் முதலாவது வயதுக்குள் தொடங்கும். அநேகமாக அடையாளம் இல்லாத பக்கத்துக் கையும் காலும் இழுக்கும்.
2. அந்தப் பக்கக் கை கால்களில் பலவீனம்.
3. கண் பெரிதாதல், நீர் வடிதல், வெளிச்சத்துக்குக் கூசுதல், கருவிழி மங்குதல். இவை கண்ணினுள் அமுக்கம் கூடுவதன் அறிகுறிகள். கவனியாமல் விட்டால் பார்வை போய்விடும்.

நாம் செய்ய வேண்டியவை

இத்தகைய அடையாளத்தைக் கண்டால், வலிப்பு வரும்வரை காத்திராமல் மருத்துவமாதுவிடம் காட்டிக் கண் வைத்தியரிடம் செல்வோம். கண் அமுக்கம் பல வருடங்களின் பின்னும் வரலாம். ஆகவே ஒருமுறைப் பரிசோதனை போதாது.

வலிப்பு வந்தால் பிள்ளையைப் பக்கவாட்டில் கிடத்துவோம். கையில் இரும்பு கொடுப்பதும் வாயில் கரண்டி வைப்பதும் வேண்டாம். முதன்முறை வந்தாலும், 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தாலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வோம். வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. அவசரமாக இடம்பெயர நேர்ந்தால், மருந்தையும் கிளினிக் கொப்பியையும் அடையாள அட்டையோடு ஒரே பையில் வைத்திருப்போம். புதிய இடத்து வைத்தியருக்கு அந்தக் கொப்பியே பிள்ளையின் கதையைச் சொல்லும்.

இந்நோயை முற்றாக மாற்ற முடியாது. ஆயினும் மருந்தால் வலிப்பைக் குறைக்கலாம். சொட்டு மருந்தாலோ சத்திரசிகிச்சையாலோ பார்வையைக் காக்கலாம். லேசர் சிகிச்சையால் நிறத்தை மங்கச் செய்யலாம்.

கூடிப் பேசுவோம்

- நமது முகாமில் அல்லது ஊரில், முக அடையாளத்தால் ஒளித்து வளர்க்கப்படும் பிள்ளை உண்டா?
- அப்பிள்ளையின் தாய் கிளினிக்குக்குச் செல்லும் நாளில், மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது யார்?