கசிவு காட்டும் கருவிக்கும் ஒரு சோதனை

ஏப்ரல் பிறந்துவிட்டால் தில்லியில் நம் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் வசனம், "கேஸ் கதம் ஹோ கயீ ஹை". மெக்கானிக் இப்படிச் சொன்னதும் நாமும் பணத்தை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். ஆனால் ஏ.ஸி.யில் உள்ள வாயு, சமையல் எரிவாயுவைப் போல எரிந்து செலவாவதில்லை. மூடிய குழாய்களுக்குள் அதே வாயுதான் ஆண்டுக்கணக்கில் சுற்றி வருகிறது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். அந்த இடத்தை அடைக்காமல் வாயுவை மட்டும் நிரப்பினால் அடுத்த கோடையிலும் அதே செலவுதான்.

முன்பெல்லாம் கசிவைத் தேட ஒரு சிறு விளக்கைப் பயன்படுத்தினார்கள். வாயுவில் குளோரின் இருந்தால் அதன் சுடர் பச்சையாக மாறும். ஆர்-12, ஆர்-22 ஆகியவற்றுக்கு இது பொருந்தியது. 1987ஆம் ஆண்டின் மாண்ட்ரீல் உடன்படிக்கைக்குப் பின் குளோரின் இல்லாத ஆர்-134ஏ போன்றவை வந்தன. சுடரின் நிறம் மாறவில்லை. விளக்கு பயனற்றுப் போயிற்று. இப்போது மெக்கானிக்குகள் கையில் வைத்திருப்பது மின்னணு லீக் டிடெக்டர். வாயு பட்டால் கீச்சிடும்.

கீச்சிட்டால் கசிவு உண்டு. கீச்சிடாவிட்டால்? கசிவே இல்லாமல் இருக்கலாம். கருவியின் உணரி மழுங்கியும் இருக்கலாம். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வதற்குத்தான் அளவு சரிபார்ப்பு.

நல்ல கருவி ஒன்று ஆண்டுக்கு 5 கிராம் கசிவையும் காட்ட வேண்டும். ஆண்டுக்கு 8,760 மணி நேரம். வகுத்துப் பார்த்தால் மணிக்கு அரை மில்லிகிராமுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். இந்த நுண்மையைச் சோதிக்கப் பலர் செய்வது என்ன? சிலிண்டரின் வால்வை லேசாகத் திறந்து கருவியின் மூக்கில் வாயுவை அடிக்கிறார்கள். கருவி அலறுகிறது, "டீக் ஹை" என்று பையில் போட்டுக்கொள்கிறார்கள். இது காது கேட்கிறதா என்று பார்க்கப் பக்கத்தில் அணுகுண்டுப் பட்டாசு வெடிப்பதைப் போன்றது. கருவிக்கு உயிர் இருக்கிறது என்று மட்டுமே தெரியும். அத்தனை வாயுவை ஒரேயடியாக உறிஞ்சிய உணரி சிறிது நேரம் மந்தமாகவும் ஆகிவிடும்.

சரியான சோதனைக்கு ஒரு 'மாதிரிக் கசிவு' வேண்டும். கையடக்கமான ஒரு குப்பி. உள்ளே குளிரூட்டும் வாயு. வெளியேற மயிரிழை போன்ற ஒரு வழி. ஆண்டுக்கு இத்தனை கிராம், இந்த வெப்பநிலையில், இந்தத் தேதி வரை என்று அதன் சான்றிதழில் எழுதியிருக்கும். கருவியை வெளிக்காற்றில் வைத்து முடுக்கி, உணரி சூடேறும்வரை பொறுத்திருங்கள். பிறகு முனையைக் குப்பியின் வாயருகே, கால் அங்குலத்துக்குள், நொடிக்கு இரண்டு அங்குல வேகத்துக்கு மிகாமல் நகர்த்துங்கள். ஒவ்வொரு முறையும் கீச்சிட வேண்டும். விலக்கியதும் அடங்க வேண்டும்.

வெளிக்காற்றில் முடுக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பல கருவிகள் முடுக்கியவுடன் சுற்றியிருக்கும் காற்றையே பூச்சியமாக எடுத்துக்கொள்கின்றன. ஏற்கெனவே வாயு நிரம்பிய அறையில் முடுக்கினால் அந்த அளவு வாயு அதற்குப் பூச்சியம். சிறு கசிவு அதன் கண்ணுக்கே படாது.

நம் ஊர் வெயிலும் இதில் விளையாடும். குப்பிக்குள் ஆர்-134ஏ திரவமாக இருந்தால், 25 டிகிரியில் அதன் அழுத்தம் சுமார் 6.6 பார், மே மாத மொட்டை மாடியின் 45 டிகிரியில் சுமார் 11.6 பார். அழுத்தம் ஏறினால் கசிவும் ஏறும். 5 கிராம் என்று எழுதிய குப்பி அங்கே அதைவிட மிக அதிகமாகக் கசியும். மழுங்கிய கருவியும் தேர்வில் வெற்றி பெற்றுவிடும்! ஆகவே குப்பியை நிழலான அறையில் ஒரு மணி நேரமாவது வைத்திருந்து சோதிப்பது நல்லது. அல்லது சான்றிதழில் உள்ள வெப்பநிலைத் திருத்தத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

குப்பி சொல்வதை எப்படி நம்புவது என்று கேட்கலாம். குப்பியை அதைவிடத் துல்லியமான ஓர் அளவையோடும், அதை இன்னொன்றோடும் ஒப்பிட்டு, சங்கிலி போல நாட்டின் மூல அளவைகள் வரை போவதுதான் அளவியலின் வழக்கம். அந்த மூல அளவைகளைக் காப்பது நம் தில்லியிலேயே உள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம். அதன் முதல் இயக்குநர் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன் என்பதும், அந்த ஆய்வுக்கூடம் இருக்கும் சாலை அவர் பெயரைத் தாங்கியிருப்பதும் நம்மவர் பலர் அறியாத செய்தி.

எந்த வாயுவுக்கு எந்தக் கருவி என்பதில் அலட்சியம் கூடாது. இன்றைய குளிர்பதனப் பெட்டிகள் பலவற்றில் இருப்பது ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். அதில் குளோரினும் இல்லை, ஃபுளோரினும் இல்லை. கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே. ஹாலஜன் வாயுக்களுக்கென்று செய்த கருவி அதனருகில் வாய் திறக்காது. காற்றில் 1.8 சதவீதம் கலந்தாலே தீப்பற்றக்கூடிய வாயு அது. கருவி மௌனமாக இருக்கிறதே என்று நம்பி, குழாயைப் பற்றவைக்க ஒருவர் டார்ச்சைக் கொளுத்தினால் என்ன ஆகும்! எந்த வாயுவைத் தேடுகிறோமோ அதே வாயுவின் மாதிரிக் கசிவால் சோதிப்பதே முறை.

பெரிய கட்டடங்களின் இயந்திர அறைகளிலும் குளிர்பதனக் கிடங்குகளிலும் சுவரில் பொருத்திய கருவிகள் உண்டு. இவற்றுக்கு இரண்டு புள்ளிகளில் அளவு வைக்க வேண்டும். முதலில் பூச்சியம்; வாயுக் கலப்பற்ற காற்றைச் செலுத்தி 0 காட்டச் செய்வது. சிலர் எல்லாவற்றுக்கும் நைட்ரஜனையே பயன்படுத்துகிறார்கள். அகச்சிவப்பு வகைக்கு அது சரி. அம்மோனியாவுக்கான மின்வேதி உணரிகளுக்கும், குறைகடத்தி உணரிகளுக்கும் ஆக்சிஜன் கலந்த காற்றே தேவை. குறைகடத்தி வகைக்கு ஓரளவு ஈரமும் வேண்டும்.

அடுத்தது 'ஸ்பான்'. அளவு தெரிந்த கலவையை, உதாரணமாகப் பத்து லட்சத்தில் 1,000 பங்கு ஆர்-134ஏ கலந்த காற்றை, உணரியின் மேல் மூடி பொருத்திச் செலுத்துவது. ஓட்டம் கருவியின் கையேட்டில் சொன்ன அளவில் இருக்க வேண்டும். குறைந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து அளவு குறைவாகத் தெரியும். அதை உயர்த்தித் திருத்திவிட்டால் பிறகு கருவி எப்போதும் மிகையாகவே பேசும். எண் ஆடாமல் நிற்கும்வரை பொறுத்திருந்து, பிறகுதான் திருத்த வேண்டும்.

கருவியைப் பொருத்தும் உயரமும் முக்கியம். ஆர்-134ஏ காற்றைவிட மூன்றரை மடங்கு கனம், தரையோரம் தங்கும். அம்மோனியா காற்றைவிட லேசு. கூரைப் பக்கம் போகும்.

திருத்துமுன் காட்டிய எண்ணைப் பதிவேட்டில் எழுதுபவர்கள் மிகக் குறைவு. திருத்திய பின் 1,000 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். உண்மையில் நமக்கு வேண்டியது முந்தைய எண். 1,000 பங்குக் கலவைக்குக் கருவி 870 காட்டியது என்று வையுங்கள். 1,000இல் மணி அடிக்க வைத்திருந்தோம் என்றால், அதுவரை அறையில் ஏறத்தாழ 1,150 சேர்ந்த பிறகே மணி அடித்திருக்கும். போன தடவை 960, இந்தத் தடவை 870 என்று இறங்கிக்கொண்டே போனால் உணரி தேய்கிறது. சரிபார்ப்பை ஓர் ஆண்டிலிருந்து ஆறு மாதமாகக் குறைத்து, புது உணரிக்கு இப்போதே எழுதிப் போட்டுவிடலாம்.