அலைடுக்கு எதை எடுப்பது?

அன்புள்ள பாப்பாவுக்கு,

பி.எஸ்சி. கணிதத்தில் சேர்ந்துவிட்டாய் என்று உன் அப்பா போனில் சொன்னான். துணைப்பாடமான அலைடுக்கு இயற்பியலா, புள்ளியியலா, கம்ப்யூட்டர் சயின்ஸா என்று நீ குழம்புவதையும் சொன்னான்.

என்னைக் கேட்டால் புள்ளியியல். நிகழ்தகவு தெரியாமல் இன்றைக்குக் கணிதத்தில் அதிக தூரம் போக முடியாது. இயற்பியல்மேல் நிஜமாகவே ஆசை இருந்தால் அதை எடு. வகைக்கெழுச் சமன்பாடுகள் எதற்காகப் பிறந்தன என்பதாவது விளங்கும். கம்ப்யூட்டருக்கான பைத்தான் மொழியை வீட்டிலிருந்தே பழகிக்கொள்ளலாம், அதற்காக ஒரு அலைடைச் செலவழிக்காதே.

ஆனால் அலைடைவிட நீ யோசிக்க வேண்டியது வேறு. பிளஸ் டூ வரை நீ செய்தது கணக்குப் போடுவது. கணிதத்தைத் தொழிலாகக் கொண்டவர்கள் செய்வது நிரூபிப்பது. நம் கல்லூரிகள் பலவற்றில் ரியல் அனாலிசிஸும் லீனியர் அல்ஜீப்ராவும் மூன்றாம் ஆண்டில்தான் வருகின்றன. அதுவரை கால்குலஸ், லாப்லாஸ் உருமாற்றம் என்று சூத்திரத்தில் போட்டு விடை எடுக்கும் வேலைதான் அதிகம். அதில் தொண்ணூறு வாங்கிய பிள்ளைகள் அனாலிசிஸில் எப்சிலான், டெல்டாவைக் கண்டதும் மிரண்டுபோய், தேற்றத்தை மனப்பாடம் செய்து எழுதி, அதிலும் தேறிவிடுவார்கள். விடைத்தாள் திருத்தியவள் சொல்கிறேன், மனப்பாடம் என்று தெரிந்தாலும் எங்களால் மார்க்கைக் குறைக்க முடியாது. குட்டு வெளிப்படுவது எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வில். ஐ.ஐ.டி.களின் ஜாம் தேர்வு மூன்றாம் ஆண்டின் பிப்ரவரியிலேயே வந்துவிடும். கேள்வியில் கணிசமான பங்கு ரியல் அனாலிசிஸ், லீனியர் அல்ஜீப்ரா இரண்டிலிருந்தும் வரும். கல்லூரி நடத்தட்டும் என்று காத்திருக்க உனக்கு நேரம் கிடையாது.

ஆகவே முதல் செமஸ்டரிலேயே தொடங்கு. பார்ட்டில், ஷெர்பெர்ட் எழுதிய அனாலிசிஸ் புத்தகம் போதும். எல்லோரும் ரூடின் ரூடின் என்பார்கள். அது அருமையான புத்தகம், ஆனால் தனியாகப் படிப்பவளுக்கு முதல் புத்தகம் அல்ல. ஒரு தேற்றத்தைப் படித்ததும் மூடிவைத்துவிட்டு நிரூபணத்தை நீயே எழுதிப் பார். எங்கே நின்றுபோகிறாயோ அங்கேதான் உனக்குப் புரியவில்லை.

கோடையில் எம்.டி.டி.எஸ். என்ற கணிதப் பயிற்சி முகாமுக்கு விண்ணப்பி. பேராசிரியர் குமரேசன் 1993-ல் தொடங்கியது. அங்கே பாடத்தைச் சொல்லித்தரமாட்டார்கள், கேள்வியாகக் கேட்டுக் கேட்டு உன் வாயாலேயே வரவழைப்பார்கள்.

எலக்டிவ் வரும்போது தலைப்பைப் பார்க்காதே, யார் நடத்துகிறார் என்று விசாரி. லயோலா கல்லூரியில் ரசீன் என்றொரு பிரெஞ்சுப் பாதிரியார் இருந்தார், பாரிஸில் எலி கார்த்தானிடம் படித்தவர். நவீனக் கணிதத்தின் வாசனையே இங்கு அதிகம் இல்லாத காலத்தில் மாணவர்களை அந்தப் பக்கம் திருப்பினார். அவரிடம் படித்த சி.எஸ். சேஷாத்ரியும் எம்.எஸ். நரசிம்மனும் 1953-ல் மும்பை டாடா ஆய்வு நிறுவனத்துக்குப் போனார்கள். நிலையான வெக்டர் பண்டில்கள் பற்றி இருவரும் நிறுவிய தேற்றம் உலகம் முழுக்க அவர்கள் பெயரால்தான் வழங்குகிறது. நன்றாக நடத்துகிறவர் கிராஃப் தியரி எடுத்தால் அதில் உட்கார். சுலபமாக மார்க் வரும் என்று மட்டும் எதையும் எடுக்காதே.

சிறுசேரி கணித நிறுவனத்தில் இடம் கிடைக்கவில்லை என்று அழுதாயாமே. சேஷாத்ரி தொடங்கிய அந்த நிறுவனத்தில் எம்.எஸ்சி.யும் உண்டு, மூன்று வருஷம் கழித்து மறுபடி நுழைவுத் தேர்வு எழுதலாம்.

அலைடு படிவத்தைக் கொடுக்கும் முன் சீனியர்களிடம் புள்ளியியல் யார் எடுக்கிறார் என்று கேட்டுவிடு. பார்ட்டிலைக் காசு கொடுத்து வாங்காதே, என்னிடம் இருக்கிறது, அப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
அத்தை